அம்மா வருஷக்கணக்கா சாப்பிடுற மூலிகை கேப்ஸ்யூல், பொடி எல்லாம் ஆபத்தா? எஸ்ஜிபிடின்ற கல்லீரல் டெஸ்ட் 412 வந்திருக்கு, யாராவது சொல்லுங்க

கொருக்குப்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட்தான், பொறுமையா படிங்க ப்ளீஸ், மூணு நாளா சரியா தூக்கம் இல்ல.

எங்க அம்மாவுக்கு 57 வயசு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் காலைல இட்லி கடை போடுறாங்க, அப்பா போனதுல இருந்து அந்தக் கடைதான் எங்கள படிக்க வெச்சுது. விடியக்காலை மூணரைக்கு எந்திரிச்சு அடுப்பு மூட்டுறவங்க போன வாரம் ஆறு மணி ஆகியும் எந்திரிக்கல. சாப்பாடு வேணாங்கறாங்க, சட்னிக்கு தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டுது. டீ டிகாஷன் கலர்ல யூரின் போகுதுன்னு ரெண்டு நாள் கழிச்சுதான் வாயத் தொறந்தாங்க. மாடில துணி காயப்போடும்போது வெயில்ல அவங்க கண்ணப் பாத்தேன், வெள்ளையா இருக்க வேண்டிய எடம் மஞ்சளா இருக்கு. வீட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல இத்தன நாள் தெரியவே இல்ல.

உடனே பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பிளட் டெஸ்ட்ல மஞ்சக்காமாலைய காட்டுற பிலிருபின் 4.8, எஸ்ஜிபிடி 412, ரெண்டுமே ரொம்ப அதிகம். ஸ்கேன்ல கல்லு எதுவும் இல்ல, ஹெபடைட்டிஸ் பி, சி ரெண்டும் நெகட்டிவ். டாக்டர் கேட்டாரு, வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களாம்மான்னு. அம்மா ஒரு செகண்ட் கூட யோசிக்காம "ஒண்ணும் இல்ல சார், பிபி மாத்திரை, சுகர் மாத்திரை, அவ்ளோதான்"னு சொல்லிட்டாங்க. நானும் பக்கத்துல நின்னுட்டு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து ஏதோ தேடும்போது சாமி அலமாரி கீழ்த்தட்டுல பழைய பிஸ்கட் டின் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. தொறந்து பாத்தா அஸ்வகந்தா கேப்ஸ்யூல், மிளகு சேத்த மஞ்சள் கேப்ஸ்யூல், சீந்தில் மாத்திரை, ஒரு பெரிய டப்பால லேபிளே இல்லாத பழுப்பு கலர் பொடி, முட்டி வலிக்காம். இது போக கொரோனா வந்தப்ப ஆரம்பிச்ச கபசுர குடிநீர இன்னும் விடல, தெனமும் கடைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர். எல்லாம் எங்க தெருவுலயே ஒரு அக்கா குடுக்கறாங்க, அவங்க கீழ ஆள் சேத்தா கமிஷன் வர்ற மாதிரி ஏதோ ஸ்கீம். அம்மா ரெண்டு வருஷமா மாசம் 2,300 ரூபா கட்டிட்டு இருந்திருக்காங்க, எனக்கே தெரியாது.

கேட்டா கோவம் வருது. மூலிகைக்கு ஏது சைடு எஃபெக்ட், உங்க இங்கிலீஷ் மருந்துதான் கிட்னிய கெடுக்கும்னு சொல்றாங்க. என் தம்பி ஒரு நியூஸ் அனுப்பினான், சப்ளிமென்ட் சாப்பிடுற வயசான பொம்பளைங்க சீக்கிரம் இறந்து போறாங்கன்னு அமெரிக்காவுல கண்டுபிடிச்சிருக்காங்கன்னு. அது உண்மையா? இந்த டின்ல இருக்கறதுல எது காரணமா இருக்கும்? ஊர்ல இருந்து பெரியம்மா வேற போன் பண்ணி கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடு, மூணு நாள்ல எறங்கிடும்ங்கறாங்க. குடுக்கலாமா?

ராயபுரம் ராஜி:

ஐயோ பாவம்மா. மொதல்ல அந்த டின்ன அப்படியே குப்பைல கொட்டு, இன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்து. அந்த அக்காவ வீட்டுப் பக்கமே சேக்காத.

தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப்:

ராஜி மேடம் சொன்னதுல பாதி சரி, பாதி ஆபத்து, அதான் வேலைக்கு நடுவுலயே உக்காந்து டைப் பண்றேன். நான் பி.பார்ம், 14 வருஷமா கவுன்டர்ல நிக்கறேன், டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

சிஸ்டர், மொதல் வேலை, எதையும் குப்பைல போடாதீங்க. அந்த கேப்ஸ்யூல், சீந்தில் மாத்திரை, கபசுரம் எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்துங்க, ஆனா டப்பா, கவர், பில்லு எல்லாம் அப்படியே ஒரு பையில போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க, உங்களுக்குப் பக்கம்தான், கல்லீரலுக்குன்னு தனியா பாக்கற டாக்டருங்க அங்க இருக்காங்க. ஓபி நாள் வரட்டும்னு உக்காராதீங்க. பிடி ஐஎன்ஆர்னு ஒரு ரத்தம் உறையற டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளுங்க, கல்லீரல் எவ்ளோ அடி வாங்கிருக்குன்னு எஸ்ஜிபிடிய விட அதுலதான் நல்லா தெரியும். அம்மா பகல்ல அளவுக்கு மீறி தூங்கினா, பேச்சு குழறினா, நாள் கெழம மறந்தா, பல் ஈறுல ரத்தம் வந்தா, வயிறு உப்பினா, ஒரு நிமிஷம் யோசிக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

அந்த லேபிள் இல்லாத முட்டிவலி பொடி மட்டும் தனி விஷயம். அத எத்தன நாளா சாப்பிடுறாங்கன்னு கேட்டு டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க, அவரு சொல்ற மாதிரிதான் நிறுத்தணும். பேர் இல்லாத முட்டிவலி பொடியில ஸ்டீராய்டு கலந்து விக்கறது நம்ம ஏரியாவுல புதுசு இல்ல. மாசக்கணக்கா உள்ள போன ஸ்டீராய்ட டக்குனு நிறுத்தினா அதுவே ஆளத் தூக்கிடும்.

கீழாநெல்லி இப்ப வேணாம். அது நல்லதா கெட்டதான்ற பேச்சே இல்ல, ஏற்கனவே அஞ்சு சரக்கு உள்ள போயிருக்கு, ஆறாவதா ஒண்ணு போனா எது எத செஞ்சுதுன்னு டாக்டருக்கும் தெரியாமப் போயிடும். உடம்பு வலிக்குதுன்னு பாரசிட்டமால் கூட கேக்காம போடாதீங்க.

எது காரணம்னு கேட்டீங்க. உங்க டின்ல இருக்கற மூணுமே கல்லீரல் டாக்டருங்க பேப்பர்ல வந்த பேருதான். சீந்தில், வடக்க கிலோய்னு சொல்வாங்க, 2021ல மும்பைல ஆறு பேருக்கு கல்லீரல் பாதிப்புன்னு ரிப்போர்ட் வந்துச்சு, அடுத்த வருஷம் நம்ம நாட்டுல 13 ஆஸ்பத்திரில இருந்து 43 பேர் கேஸ் சேத்துப் போட்டாங்க, அதுல பாதிக்கு மேல பொம்பளைங்க. ஆயுஷ் அமைச்சகம் இது வேற கொடி, சீந்தில் மாதிரியே இருக்கற இன்னொண்ணுன்னு சொல்லி மறுத்தாங்க. சரி, அப்படியே வெச்சுக்குவோம், டப்பாக்குள்ள எந்தக் கொடி இருக்குன்னு உங்க அம்மாவுக்கு எப்படி தெரியும்? அஸ்வகந்தா, அதான் நம்ம அமுக்கரா, ஐஸ்லாந்துலயும் அமெரிக்காவுலயும் அஞ்சு பேருக்கு மஞ்சக்காமாலை வந்தத 2020ல எழுதினாங்க, டென்மார்க்ல 2023ல தடையே போட்டாங்க.

மஞ்சள்னா யாரும் நம்ப மாட்டாங்க, நானே மொதல்ல நம்பல. சமையல் மஞ்சத்தூள்ல குர்குமின், அதான் மஞ்சளோட முக்கியமான சரக்கு, நூத்துக்கு மூணு பங்குதான் இருக்கும், கேப்ஸ்யூல்ல 95. அப்ப 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒண்ணு, கிட்டத்தட்ட அஞ்சு ஸ்பூன் மஞ்சத்தூள வாயில கொட்டிக்கிட்ட கணக்கு. அதோட மிளகுல இருக்கற பைப்பரின் சேத்தா ரத்தத்துல ஏறுறது 20 மடங்கு ஆகுதுன்னு பெங்களூர்லயே 1998ல செஞ்சு காட்டினாங்க, இப்ப நெறைய கம்பெனி மிளகு சேத்து விக்கறான். அமெரிக்காவுல மருந்தால வர்ற கல்லீரல் பாதிப்ப கணக்கெடுக்கற குழு ஒண்ணு இருக்கு, அவங்க 2022ல மஞ்சளால பாதிச்ச பத்து பேர எழுதினாங்க, அதுல எட்டு பேர் பொம்பளைங்க, ஒருத்தங்க இறந்துட்டாங்க. நம்ம ரசத்துல போடுற மஞ்சளும் மிளகும் வேற, இது வேற, தயவு செஞ்சு ரெண்டையும் ஒண்ணா நெனைக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப நாளா மனசுல அரிக்கற விஷயம். உங்க அம்மா டாக்டர்கிட்ட பொய் சொல்லல. அவங்களப் பொறுத்தவரைக்கும் அது மருந்தே இல்ல. "மருந்து எடுக்கறீங்களா"ன்னு கேட்டா எங்க கவுன்டர்லயும் பத்துக்கு எட்டு அம்மாங்க இல்லன்னுதான் சொல்றாங்க. "பொடி, கஷாயம், லேகியம், கேப்ஸ்யூல், ஜூஸ், யாராவது தெரிஞ்சவங்க குடுத்தது ஏதாவது இருக்கா"ன்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லி கேட்டாதான் டக்குனு ஞாபகம் வரும். அதனால வீட்டுல அவங்கள குற்றவாளி மாதிரி நிக்க வெச்சுக் கேக்காதீங்க.

காசிமேடு அக்கா:

கண்ணு, முட்டிவலி பொடின்னு படிச்சதும் கை நடுங்குது, எங்க மாமியாருக்கு நடந்தத சொல்றேன், நீ கேட்டுக்க. நாங்க ஹார்பர்ல மீன் ஏலம் எடுத்து விக்கறவங்க. அத்த 30 வருஷம் கூடைய தலைல தூக்கினவங்க, முட்டி போயிடுச்சு. மார்க்கெட்டாண்ட வேன்ல மைக் கட்டிக்கினு வந்து ஒருத்தன் பொடி வித்துக்கினு இருந்தான், மலை மூலிகைன்னு. அத வாங்கிக்கினு வந்து துண்ணாங்க, அஞ்சே நாள்ல வலி போயிடுச்சு. அஞ்சே நாளு! அப்பவே நமக்கு சந்தேகம் வந்திருக்கணும், ஆனா அவங்க எந்திரிச்சு நடக்கறத பாத்து நாங்க எல்லாரும் அழுதுட்டோம், எனக்கும் ஒரு டப்பா வாங்கி வெச்சாங்க.

ஒன்றர வருஷம். மூஞ்சி மட்டும் ரவுண்டா ஊதிக்கினே வந்துச்சு, எல்லாரும் நல்லா தேறிட்டீங்கன்னு சொன்னாங்க. ஆனா கையி காலு குச்சி மாதிரி ஆயிடுச்சு, கதவுல லேசா இடிச்சாலே தோலு கருநீலமா ஆயிடும். சுகரே இல்லாதவங்களுக்கு சுகர் 380. அப்பறம் மழைக்காலத்துல அந்த வேன்காரன் ரெண்டு வாரம் வரல, பொடி தீந்துபோச்சு. நாலாவது நாளு வாந்தி, தலைசுத்து, ஏலம் போட்டுக்கினு இருக்க சொல்லவே அப்படியே சரிஞ்சுட்டாங்க, ஐஸ் பொட்டில தல இடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரில பிபி 80க்கு 50. டாக்டரம்மா அந்தப் பொடி டப்பாவ பாத்துட்டுதான் சொன்னாங்க, வெளில இருந்து ஸ்டீராய்டு வந்துக்கினே இருந்ததால உடம்பு சொந்தமா சுரக்கறத நிறுத்திடுச்சாம், திடீர்னு நின்னதும் ஒண்ணுமே இல்லாம போயிடுச்சாம். உயிரோட வந்ததே பெரிசு. இன்னிக்கு வரைக்கும் சின்ன டோஸ் மாத்திரை போட்டு கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுக்கினு இருக்காங்க, எலும்பு வேற தேஞ்சிடுச்சு.

அந்த மெடிக்கல் தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. பொடிய டாக்டர்கிட்ட காட்டாம நிறுத்தாத, காட்டாம தராத. இன்னிக்கே போ கண்ணு.

பெரம்பூர் கணக்கு வாத்தியார்:

தம்பி அனுப்பின நியூஸ் பத்தி யாரும் சொல்லல, அத நான் சொல்றேன். நான் காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கறவன், இந்த மாதிரி தலைப்புங்கள பாத்தாலே எடுத்து உக்காந்துடுவேன்.

அது அநேகமா அயோவா பெண்கள் ஆய்வா இருக்கும், 2011ல வந்தது. அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல 38,772 வயசான பெண்கள், 1986ல ஆரம்பிக்கும்போது சராசரி வயசு 61.6. 2008 கடைசி வரைக்கும் பாத்தாங்க, 15,594 பேர் இறந்துட்டாங்க, அதாவது நூத்துக்கு 40. வயசு, உடம்பு எடை, புகை, சாப்பாடு எல்லாத்தையும் கணக்குல சமன் பண்ணின அப்புறம், மல்டிவைட்டமின் எடுத்தவங்ககிட்ட இறப்பு 6 சதவீதம் அதிகம், இரும்பு எடுத்தவங்ககிட்ட 10 சதவீதம் அதிகம், இரும்பு டோஸ் கூடக் கூட அதுவும் கூடுச்சு. கால்சியம் எடுத்தவங்ககிட்ட மட்டும் 9 சதவீதம் கம்மி.

இப்ப இத எப்படி படிக்கறதுன்றதுதான் விஷயம். அந்த 6 சதவீதத்த நேரா தலைகள வெச்சு சொன்னா நூறு பேருக்கு ரெண்டரை பேர் கிட்ட கூட, அந்த 22 வருஷத்துல. யாரும் சீட்டுக் குலுக்கி உனக்கு மாத்திரை, உனக்கு வெறும் மாத்திரைன்னு பிரிச்சுக் குடுக்கல, அவங்கவங்க இஷ்டத்துக்கு எடுத்தாங்க, இவங்க கேட்டு எழுதிக்கிட்டாங்க. இரும்பு யார் எடுப்பா? ரத்தம் கம்மின்னு சொன்னவங்க. ரத்தம் ஏன் கம்மியாச்சு? உள்ள வேற ஏதோ வியாதி இருக்கலாம். அப்ப கொன்னது இரும்பா அந்த வியாதியான்னு இந்தக் கணக்குல முழுசா பிரிக்க முடியாது. ஆனா இன்னொரு பக்கமும் பாக்கணும், அதுல சப்ளிமென்ட் எடுத்தவங்கதான் அதிகம் படிச்சவங்க, புகை கம்மி, நடை அதிகம். நியாயமா அவங்க அதிக நாள் வாழ்ந்திருக்கணும், வாழல. 2024ல நாலு லட்சம் பேர் கிட்ட, சரியா 3,90,124 பேர், ஆண் பெண் ரெண்டும், 20 வருஷத்துக்கு மேல பாத்த ஒரு கணக்குலயும் தெனம் மல்டிவைட்டமின் போட்டவங்களுக்கு ஆயுசு கூடலன்னுதான் வந்துச்சு. ஆக சப்ளிமென்ட் கொல்லுதுன்னு தலைப்பு போட்டவனும் சரியில்ல, ஆயுசு கூடும்னு விக்கறவனும் சரியில்ல.

முக்கியமா, அந்த 2011 கணக்கு வைட்டமின், தாது உப்பு பத்தினது, மூலிகை பத்தினது இல்ல. மூலிகைக்கு அம்மா கேஸுக்கு ஒட்டி வர்ற கணக்கு மெடிக்கல் தம்பி சொன்ன அந்த அமெரிக்க கல்லீரல் குழுவோடது. மருந்தால கல்லீரல் கெட்டு அவங்ககிட்ட வந்தவங்கள்ல மூலிகை, சப்ளிமென்ட்டால வந்தவங்க 2004 வாக்குல 7 சதவீதம், பத்து வருஷத்துக்குள்ள 20 சதவீதம் ஆயிடுச்சு. ஜிம் பசங்க எடுக்கற தசை ஏத்துற சரக்க தனியா கழிச்சிட்டு மீதியப் பாத்தா, பெரும்பாலும் நடுவயசு பெண்கள். அவங்கள்ல 13 சதவீதம் பேர் இறந்தாங்க இல்ல கல்லீரல் மாத்த வேண்டியதாச்சு. சாதாரண இங்கிலீஷ் மருந்தால பாதிச்சவங்கள்ல அது 3 சதவீதம். அம்மாகிட்ட எந்தக் கணக்கையாவது சொல்லணும்னா இத சொல்லுங்க.

தயவு செஞ்சு இதப் படிச்சிட்டு யாரும் வீட்டுல இருக்கற சின்னப் பொண்ணுங்களோட இரும்பு மாத்திரைய நிறுத்திடாதீங்க. அயோவால இருந்தவங்க மாதவிடாய் நின்னவங்க. நம்ம தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை, 2019-21ல எடுத்த குடும்பநல சர்வேல 53.4 சதவீதம்.

கொருக்குப்பேட்டை பொண்ணு:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பையோட ஸ்டான்லிக்குத்தான் போயிட்டு இருக்கோம், ஆட்டோல இருந்து போடுறேன். பொடி எட்டு மாசமா சாப்பிடுறாங்களாம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருக்காங்க, என்கிட்ட பேசல.

திருவொற்றியூர் சித்தா:

நான் பிஎஸ்எம்எஸ், அதாவது சித்த மருத்துவம் படிச்சு திருவொற்றியூர்ல பிராக்டிஸ் பண்றேன். இந்த மாதிரி த்ரெட் வந்தாலே எங்கள திட்டுறதுல முடியும், இங்க யாரும் திட்டல, அதுக்கே நன்றி. ஆனா நானே சிலத சொல்லியாகணும்.

அம்மா சாப்பிட்டது சித்த மருந்து இல்ல. சித்த மருந்துல இருக்கற சரக்கு, அவ்ளோதான். எங்க வைத்தியத்துல நாடி பாத்து, உடம்பு வாகு பாத்து, எத்தன நாள்னு சொல்லித்தான் மருந்து குடுப்போம். ஒரு மண்டலம்னா 48 நாள், அதுக்கு பத்தியம் இருக்கு, எதோட கலந்து சாப்பிடணும்னு அனுபானம் இருக்கு, முடிஞ்சதும் நிறுத்திட்டு திரும்ப பாக்கணும். கபசுர குடிநீர்ல 15 சரக்கு, அதுல சீந்திலும் ஒண்ணு. காய்ச்சல் காலத்துல சில நாள் குடிக்கச் சொன்னத டீ மாதிரி வருஷக்கணக்கா குடிக்கச் சொன்னது எந்த வைத்தியர்? யாரும் இல்ல, ஃபார்வர்டு மெசேஜ் சொல்லுச்சு. அதுக்கு மேல தனியா சீந்தில் மாத்திரை வேற, அப்ப ஒரே சரக்கு ரெண்டு வழியா போயிருக்கு. மெடிக்கல் தம்பி சொன்ன மாதிரி கீழாநெல்லி இப்ப வேணாம், நானும் அதேதான் சொல்வேன்.

இயற்கைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றவங்ககிட்ட நான் எப்பவும் பெல்ஜியம் கதையத்தான் சொல்வேன். பிரஸ்ஸல்ஸ்ல உடம்பு இளைக்கற கிளினிக் ஒண்ணு, 1990ல இருந்து 92 வரைக்கும் சீன மூலிகை சேத்த கேப்ஸ்யூல் குடுத்தாங்க. போனவங்க பெரும்பாலும் பெண்கள், நல்லா இருந்தவங்க, கொஞ்சம் எடை குறையணும்னு போனவங்க. வரிசையா கிட்னி செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, 1993ல காரணம் வெளிய வந்துச்சு. ரெண்டு சீன மூலிகைக்குப் பேரு கிட்டத்தட்ட ஒண்ணு, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு போயிடுச்சு, அந்த இன்னொண்ணுல அரிஸ்டோலோகிக் அமிலம்னு கிட்னிய கெடுக்கற விஷம். நூறு பேருக்கு மேல பாதிச்சாங்க. அதோட முடியல, நிறுத்தி வருஷங்கள் ஆன அப்புறமும் விடல. கெட்டுப்போன கிட்னிய 39 பேருக்கு எடுத்துப் பாத்ததுல 18 பேருக்கு சிறுநீர்ப் பாதைல புற்றுநோய், 2000ல எழுதினாங்க. மொத்தமா உள்ள போன அளவு கூடக் கூட புற்றுநோயும் கூடிருந்துச்சு. இன்னைக்கு சாப்பிட்டது பத்து வருஷம் கழிச்சு கணக்கு கேக்கும்ன்றதுக்கு இதவிட என்ன வேணும். அந்த இனத்துச் செடி நம்ம ஊர் வேலியோரத்துலயும் இருக்கு, ஆடுதீண்டாப்பாளைன்னு பேரு, ஆடு கூட வாய் வைக்காது. ஈஸ்வரமூலியும் அதே இனம். நான் ரெண்டையும் உள்ளுக்குக் குடுக்கறது இல்ல, பொடில இருக்குன்னு யாராவது சொன்னா வாங்காதீங்க.

அதே மாதிரி அதிமதுரம். தொண்டைக்கு நல்லதுன்னு பிபி இருக்கறவங்க தெனம் டீ போட்டுக் குடிக்கறாங்க, பொட்டாசியம் எறங்கி பிபி ஏறும். இது எங்க ஓபில நான் அடிக்கடி பாக்கறது.

வாங்கும்போது லேபிள திருப்பிப் பாருங்க. சித்த, ஆயுர்வேத மருந்துன்னா தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், என்னென்ன சரக்கு எவ்ளோன்னு இருக்கணும். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 14 இலக்க நம்பர் மட்டும் இருந்தா அது சட்டப்படி உணவுப் பொருள், வியாதிய குணப்படுத்தும்னு சொல்லவே கூடாது. உங்க டின்ல இருக்கற மூணுலயும் எந்த நம்பர் இருக்குன்னு பாத்துட்டு சொல்லுங்க. இன்டர்நெட்ல விக்கற ஆயுர்வேத சரக்கு 193 வாங்கி அமெரிக்காவுல டெஸ்ட் பண்ணி 2008ல போட்டாங்க, அஞ்சுல ஒண்ணுல ஈயம், பாதரசம், ஆர்சனிக், இதுல ஏதாவது ஒண்ணு இருந்துச்சு. எனக்கு அதப் படிக்கும்போது வலிக்கத்தான் செஞ்சுது, ஆனா மறைச்சா அடுத்து பாதிக்கப்படறது நம்ம அம்மாங்கதான். சித்த மருந்துதான் வேணும்னா அரும்பாக்கம் அண்ணா ஆஸ்பத்திரி இருக்கு, தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, அங்க காட்டி எழுதி வாங்குங்க. பிபி, சுகர் மாத்திரையும் சொல்லிடுங்க.

இன்னொண்ணு, 1800 180 3024, மருந்தால வர்ற பாதிப்ப சொல்றதுக்கு அரசாங்கத்தோட இலவச நம்பர். டாக்டர் மட்டும் இல்ல, நாமளே கூப்பிட்டு சொல்லலாம். நெறைய பேர் வீட்டோட அழுதுட்டு விட்டுடறாங்க, அப்புறம் எங்க எத்தன பேருக்கு நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமயே போயிடுது.

கொருக்குப்பேட்டை பொண்ணு:

அஞ்சு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, வார்டுலயே இருந்தேன்.

அட்மிட் பண்ணிட்டாங்க. ஐஎன்ஆர் 1.4, கொஞ்சம்தான் கூட, பயப்படற அளவு இல்லன்னாங்க. ஹெபடைட்டிஸ் ஏ, இ ரெண்டும் நெகட்டிவ். அங்க இருந்த டாக்டரம்மா ரொம்ப சின்ன வயசு, பைய வாங்கி ஒவ்வொரு டப்பாவா எடுத்து மேசைல வரிசையா வெச்சாங்க. மெடிக்கல் அண்ணா சொன்ன மாதிரியே, "அம்மா, இது காலைலயா ராத்திரியா, இது எத்தன நாளா"ன்னு கேட்டாங்க, ஒரு வார்த்த கூட திட்டல. எங்க அம்மா மொதல் டப்பாவுக்கு பதில் சொல்லல. மூணாவது டப்பால, அது மஞ்சள், அவங்களே கைல எடுத்து, "இது என் பொண்ணுக்குத் தெரியாம காசு சேத்து வாங்கினேம்மா, நான் படுத்துட்டா இவளுக்கு யாரு இருக்கா, அதான் நல்லா இருக்கணும்னு சாப்பிட்டேன்"னு சொல்லி அழுதுட்டாங்க. நான் வெளிய போய் வராண்டால நின்னுட்டேன்.

பொடிய தனியா எடுத்து வெச்சுட்டு ரத்தத்துல கார்டிசால்னு, உடம்பு சொந்தமா சுரக்கற ஸ்டீராய்டுக்கு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, அது நார்மல விட கம்மியா வந்திருக்கு, அதனால ஸ்டீராய்டு இருந்திருக்கலாம்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சு மெதுவா கொறைக்கப் போறாங்க. காசிமேடு அக்கா, நீங்க அன்னைக்கு எழுதலன்னா நான் ராஜி அக்கா சொன்ன மாதிரி எல்லாத்தையும் கொட்டிருப்பேன். ராஜி அக்கா, உங்கள தப்பா சொல்லல, நானும் அதேதான் நெனச்சேன்.

எஸ்ஜிபிடி 260க்கு எறங்கிருக்கு. மூணுல எதுன்னு தனியா சொல்ல முடியாதாம், நிறுத்தினதும் எறங்கறதே ஒரு சாட்சின்னாங்க. லேபிள் பாத்தேன் சித்தா மேடம், மூணுலயும் மருந்து லைசென்ஸ் நம்பர் இல்ல, அந்த 14 இலக்க நம்பர்தான். 1800 நம்பருக்கு போன் பண்ணி சொல்லிட்டேன், பேட்ச் நம்பர் கேட்டாங்க, நல்ல வேளை டப்பா இருந்துச்சு.

அந்தத் தெரு அக்கா நேத்து வார்டுக்கு வந்தாங்க, ஆரஞ்சு வாங்கிட்டு. எனக்கு கோவம் தலைக்கு ஏறுச்சு, ஆனா பாத்தா அவங்க கண்ணுக்குக் கீழ கருப்பா, கை எல்லாம் எளைச்சுப் போய், மூஞ்சி மட்டும் உப்பலா இருக்கு. அவங்களும் அதே பொடிதான் சாப்பிடுறாங்க, ரெண்டு வருஷமா. என்ன சொல்றதுன்னு தெரியாம டாக்டரம்மாவக் கூப்பிட்டேன்.

தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப்:

நல்லது சிஸ்டர். அவங்ககிட்ட பொடிய டக்குனு நிறுத்தாதீங்கன்னு மறக்காம சொல்லிட்டீங்களா? சுகரும் பாக்கச் சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை பொண்ணு:

சொல்லிட்டேன் அண்ணா. நாளைக்கு காலைல வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வர்றாங்க. எங்க அம்மாதான் கூப்பிட்டாங்க, ஆறரைக்கே வந்துடு, டோக்கன் நான் போட்டு வெக்கறேன்னு பெட்ல இருந்தே போன்ல சொல்லிட்டு இருக்காங்க.